பணம் கட்டியது டிசம்பரில், ஆள் வந்து மாட்டியது ஜனவரியில்: டாக்ஸ் கிரெடிட் உண்டா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் 1978-ல் கட்டிய வீட்டை வாங்கி அதில் குடியிருக்கிறோம். எச்1பி விசா. இங்கேயே பிறந்த இரண்டு பிள்ளைகள். மின்சாரம் மிச்சமாகும் வேலைகளுக்கு வரிச்சலுகை 2025-ஓடு முடிகிறது என்று கேள்விப்பட்டு, அந்த ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் செய்துவிட்டோம். பரணுக்கு இன்சுலேஷன் 4,200 டாலர் (பில்லில் கூலி, பொருள் பிரிக்கவில்லை). ஐந்து ஜன்னல்கள் 6,800. நவம்பரில் ஹீட் பம்ப் (வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்யும் மின்கருவி) 14,000. அதில் மின்நிறுவனம் 2,000 ரிபேட் தந்தது. ஹீட் பம்புக்காகவே 200 ஆம்பியர் மின் பேனல் (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) 3,000. ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டருக்கு டிசம்பரிலேயே முழுப் பணமும் கட்டினோம், ஆனால் மாட்டியது ஜனவரி 9-ல். சோலார் 33,000, முழுக்க லோன். இதில் கூரையை மாற்றிய 9,000, லோன் கட்டணம் 1,500 எல்லாம் அடக்கம். டிசம்பர் 12-ல் சோலார் பேனல் பொருத்தி, 19-ல் நகராட்சி ஆய்வு முடிந்தது. மின்நிறுவனத்தின் அனுமதி பிப்ரவரியில்தான் வந்தது. விற்பனையாளர் 9,900 டாலர் ரீஃபண்ட் வரும் என்றார். 2025-க்கு எங்கள் வரி, எந்தக் கிரெடிட்டும் கழிக்காமல், 9,400 டாலர். எவ்வளவு கிடைக்கும்? 2023-ல் வாசல் கதவு மாற்றியதையும் (1,500, கதவு மட்டும் 1,000) வீட்டு எனர்ஜி ஆடிட் செய்ததையும் (400) கணக்கில் காட்டவே இல்லை. அது போனது போனதுதானா? கோவையில் அப்பா அம்மா வீட்டுக்குச் சோலார் போட்டுக் கொடுத்தேன், அதைச் சேர்க்கலாமா?

பதில்: வாட்டர் ஹீட்டருக்குக் கிடையாது. ஆனால் அதனால் உங்களுக்கு ஒரு டாலர்கூட நஷ்டமில்லை. ஏன் என்பதைக் கீழே கணக்கில் பார்க்கலாம். முதலில் தேதி விஷயம், ஏனென்றால் இந்த வருடம் பெரும்பாலோர் தடுக்கி விழுவது அங்கேதான்.

நீங்கள் கேட்பவை இரண்டு தனித்தனிக் கிரெடிட்டுகள், அதாவது கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழியும் தொகைகள். இன்சுலேஷன், ஜன்னல், கதவு, ஹீட் பம்ப், மின் பேனல் இவையெல்லாம் வருமான வரிச் சட்டத்தின் 25சி பிரிவு. சோலார் 25டி பிரிவு. 2022-ல் வந்த சட்டப்படி 25சி 2032 வரையும் 25டி 2034 வரையும் ஓடவேண்டியவை. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான புதிய சட்டம் இரண்டையும் 2025 டிசம்பர் 31-ஓடு வெட்டிவிட்டது. 25சி-யில் பார்க்கப்படுவது, பொருள் உங்கள் வீட்டில் பொருத்தப்பட்டுப் பயன்பாட்டுக்குத் தயாரான நாள். 25டி-யில் நீங்கள் என்றைக்குப் பணம் கொடுத்திருந்தாலும், நிறுவல் முடிந்த நாளில்தான் அந்தச் செலவு நடந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆக டிசம்பரில் முழுப் பணம் கட்டிய ரசீது இரண்டு பிரிவுக்குமே உதவாது. ஜனவரி 9-ல் மாட்டிய வாட்டர் ஹீட்டரை 2025-லும் காட்ட முடியாது, 2026-லும் காட்ட முடியாது. பில்லில் தேதியை டிசம்பர் என்று மாற்றித் தருவதாகக் காண்ட்ராக்டர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நகராட்சி பெர்மிட்டிலும் ஆய்வுச் சீட்டிலும் உண்மைத் தேதி இருக்கும்.

இப்போது 25சி கணக்கு. செலவில் 30 சதவீதம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதன்மேல் இருக்கும் உச்சவரம்புகள்தான் பலருக்கும் தெரிவதில்லை. வருடத்துக்கு இரண்டு தனிப் பைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீட் பம்ப், ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர், விறகு போன்றவற்றில் எரியும் அடுப்பு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரு பை, 2,000 டாலர். மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொரு பை, 1,200 டாலர். இந்த இரண்டாவது பைக்குள்ளும் சிறு வரம்புகள் உண்டு: ஜன்னல்கள் மொத்தமாக 600, கதவு ஒன்றுக்கு 250 வீதம் மொத்தம் 500, பேனல் 600, ஆடிட் 150. இன்சுலேஷனுக்கு மட்டும் தனி வரம்பில்லை, 1,200 வரை போகலாம்.

உங்கள் ஹீட் பம்பில் மின்நிறுவனம் தந்த 2,000-ஐக் கழிக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பங்கு உங்கள் செலவே அல்ல. மீதி 12,000. அதில் 30 சதவீதம் 3,600. பை 2,000-ல் நிரம்பிவிட்டது. வாட்டர் ஹீட்டரை டிசம்பர் 30-ல் மாட்டியிருந்தாலும் அதற்கு இடமே இருந்திருக்காது. நஷ்டமில்லை என்று சொன்னது இதனால்தான். (ஒன்றை 2024-லும் மற்றொன்றை 2025-லும் செய்திருந்தால் இரண்டு வருடத்துக்கும் தனித்தனியாக 2,000 வரம்பு கிடைத்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் முடிக்கச் சொன்ன அவசரம் காண்ட்ராக்டர்களுக்குத்தான் லாபம்.)

ஆனால் அந்த ஹீட் பம்பே தகுதி பெறுகிறதா என்பதைச் சரிபாருங்கள். பெட்டியில் எனர்ஜி ஸ்டார் (அமெரிக்க அரசின் மின்சிக்கனத் தரம்) முத்திரை இருப்பது போதாது. சி.இ.இ. என்ற அமைப்பு வகுத்திருக்கும் திறன் அடுக்கை எட்டியிருக்க வேண்டும். அந்தத் திறன் வெளியே நிற்கும் யூனிட்டுக்கு மட்டும் கொடுக்கப்படுவதல்ல. வெளி யூனிட்டும், உள்ளே இருந்து வீட்டுக்குள் காற்றைச் செலுத்தும் ஏர் ஹேண்ட்லரும் சேர்ந்த ஜோடிக்குக் கொடுக்கப்படுவது. கேட்க வேண்டிய காகிதம் ஏ.எச்.ஆர்.ஐ. என்ற உற்பத்தியாளர் சங்கத்தின் சான்றிதழ். அதில் இரண்டு மாடல் எண்களும் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு யூனிட்டிலும் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துப் பாருங்கள். கொட்டேஷனில் ஒரு ஏர் ஹேண்ட்லரைக் காட்டிவிட்டு, ஸ்டாக் இல்லை என்று வேறொன்றை மாட்டிவிட்டுப் போவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு. அந்த ஜோடி பட்டியலில் இல்லையென்றால் 2,000-மும் போய்விடும்.

1,200 டாலர் பையில் உங்களிடம் மூன்று பொருள்கள் இருக்கின்றன. இதில் கூலி விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஹீட் பம்ப், பேனல் மாதிரியான சாதனங்களுக்கு மாட்டும் கூலியும் செலவில் சேரும். இன்சுலேஷன், ஜன்னல், கதவு மாதிரி வீட்டின் மேலுறையைச் சேர்ந்தவற்றுக்குக் கூலி சேராது, பொருளின் விலை மட்டுமே. அதனால் 4,200 என்று ஒற்றை வரியில் வந்த இன்சுலேஷன் பில் உங்களுக்குப் பயன்படாது. காண்ட்ராக்டரிடம் பொருள், கூலி பிரித்து வேறு பில் வாங்குங்கள். அவர் இழுத்தடித்தால் பரணுக்கு ஏறிப் பாருங்கள். ஊதி நிரப்பும் வகை இன்சுலேஷன் என்றால் எத்தனை மூட்டை, எத்தனை அங்குலம், என்ன ஆர் மதிப்பு (வெப்பத்தைத் தடுக்கும் திறன்) என்று எழுதிய ஓர் அட்டையை வாசல் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போவது நடைமுறை. அந்த மூட்டைக் கணக்கைச் சொல்லி, இவ்வளவு பொருளுக்கு என்ன விலை என்று எழுதிக் கேட்டால் மறுக்க வழியிருக்காது. அந்த அட்டையைப் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள் பாதி, அதாவது 2,100 என்று வைப்போம். 30 சதவீதம் 630. பேனல் 3,000-க்கு 900 வரும், வரம்பு 600. பேனலுக்குக் கிரெடிட் கிடைக்க இரண்டு நிபந்தனைகள்: 200 ஆம்பியருக்குக் குறையக் கூடாது, தகுதியுள்ள வேறொரு சாதனத்தை மாட்டுவதற்காகவே அது மாற்றப்பட்டிருக்க வேண்டும். உங்கள் பில்லில் “ஹீட் பம்புக்காக” என்று ஒரு வரி இருந்தால் நல்லது. கார் சார்ஜருக்காக மட்டும் பேனல் மாற்றியவர்களுக்கு இந்தப் பிரிவில் கிடைக்காது. ஆக 630-ம் 600-ம் சேர்ந்து 1,230. பை 1,200-ல் நின்றுவிடும்.

கவனித்தீர்களா, ஜன்னல்களைத் தொடவே இல்லை. தொட வேண்டாம் என்பதே என் யோசனை. ஜன்னலுக்குச் சாதாரண எனர்ஜி ஸ்டார் போதாது, ‘எனர்ஜி ஸ்டார் மோஸ்ட் எஃபிஷியன்ட்’ என்ற மேல்தட்டுப் பட்டியலில் இருக்க வேண்டும். கடைகளில் விற்கும் ஜன்னல்களில் பல இதில் இல்லை. அந்தக் காகிதத்தைத் தேடி அலைவது தேவையில்லாத வேலை. பிரித்து வாங்கிய பில்லில் இன்சுலேஷன் பொருளின் விலை 2,000-க்குக் கீழே இறங்கினால்தான் பையில் இடம் மிஞ்சும். அப்போது மட்டும் ஜன்னலின் சான்றைத் தேடுங்கள்.

2025-க்கு மட்டும் உரிய இன்னொரு சிக்கல் க்யூ.எம்.ஐ.டி. என்ற நான்கு எழுத்துக் குறியீடு. ஹீட் பம்ப், பேனல், ஜன்னல், கதவு போன்றவற்றைச் செய்த உற்பத்தியாளர் அமெரிக்க வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.-இல் பதிவு செய்து பெற்றது அது. இந்தக் கிரெடிட்டுகளைக் கேட்கும் படிவம் 5695-ல் அதை எழுதாவிட்டால் கிரெடிட் இல்லை. இன்சுலேஷனுக்கும் காற்றுக் கசிவை அடைக்கும் பொருள்களுக்கும் இது வேண்டாம். காண்ட்ராக்டரிடம் கேட்டால் பெரும்பாலும் சீரியல் நம்பரையோ மாடல் நம்பரையோ அனுப்புவார். இரண்டும் அது அல்ல. ஒரு கம்பெனியின் எல்லாப் பொருளுக்கும் ஒரே குறியீடுதான், உற்பத்தியாளரின் இணையதளத்தில் டாக்ஸ் கிரெடிட் பக்கத்தில் தேடுங்கள். பேனலுக்கும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

படிவத்தின் இரண்டாம் பகுதி ஆரம்பத்தில் சில ஆம், இல்லை கேள்விகள் வரும். இது அமெரிக்காவில் நீங்கள் வசிக்கும் முக்கிய வீடா, பொருள்களை முதலில் பயன்படுத்துபவர் நீங்கள்தானா, ஐந்து வருடமாவது பயன்படும் என்று எதிர்பார்க்கலாமா, இது புது வீடு கட்டும் வேலையைச் சேர்ந்ததா என்று. கடைசிக் கேள்விக்கு அவசரத்தில் ‘ஆம்’ என்று தட்டிவிடாதீர்கள், புது வீடு கட்டும் வேலையைச் சேர்ந்த செலவுக்குக் கிரெடிட் கிடையாது. உங்கள் வீடு 1978-ல் கட்டியது, பதில் ‘இல்லை’. விசா என்ன என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை.

அடுத்து சோலார். விற்பனையாளர் சொன்ன 9,900 என்பது 33,000-க்கும் சேர்த்து 30 சதவீதம். அந்தக் கணக்கில் இரண்டு தவறுகள். கூரை ஓடும் அதைத் தாங்கும் மரச்சட்டமும் கூரையின் வேலையைத்தான் செய்கின்றன, மின்சாரம் தயாரிப்பதில்லை. சோலார் பேனல் போடுவதற்காகவே மாற்றினாலும் சேராது. தானே மின்சாரம் தரும் சோலார் ஓடு என்றால்தான் கதை வேறு. லோன் ஏற்பாட்டுக் கட்டணமும் வட்டியும் சேராது. மீதி 22,500, அதில் 30 சதவீதம் 6,750. இதற்கு உச்சவரம்பு கிடையாது, கூலியும் சேரும். லோனில் வாங்கினாலும், முழு விலையையும் கட்டுவதாக நீங்கள் ஒப்பந்தம் போட்டிருப்பதால் இன்னும் கட்டாத பகுதிக்கும் இப்போதே கிரெடிட் உண்டு. லீஸ் என்றால் உங்களுக்கு எதுவும் கிடையாது, பேனலின் சொந்தக்காரர் லீஸ் கம்பெனிதான். உங்கள் ஒப்பந்தத்தில் ‘லோன்’ என்றே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேதி? சட்டம் கேட்பது நிறுவல் முடிந்த நாள். மின்நிறுவன அனுமதி என்ற சொல் அந்த வரியில் இல்லை. டிசம்பர் 12-ல் வேலை முடிந்து 19-ல் நகராட்சி ஆய்வும் தேறியிருப்பதால், 2025 என்று காட்ட உங்களுக்கு வலுவான நிலை இருக்கிறது. ஆய்வில் தேறிய சீட்டு, நிறுவியவர் தந்த வேலை முடிந்த சான்று, இறுதி பில் மூன்றையும் ஒன்றாக வையுங்கள். ஆய்வே ஜனவரிக்குப் போயிருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

‘ரீஃபண்ட்’ என்ற சொல்லையும் விற்பனையாளர் தாராளமாகவே பயன்படுத்தியிருக்கிறார். இரண்டு கிரெடிட்டுமே உங்கள் வரியைப் பூஜ்யம் வரைதான் குறைக்கும், அதற்குக் கீழே கொண்டுபோய்க் கையில் பணம் தராது. வித்தியாசம் என்னவென்றால், 25சி-யில் பயன்படாமல் மிஞ்சியது அந்த வருடத்தோடு போய்விடும். 25டி-யில் மிஞ்சியது அடுத்த வருடத்துக்குப் போகும், சட்டம் முடிந்த பிறகும்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் கழிவது 25சி, அடுத்து பிள்ளைகளுக்கான சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டில் ரீஃபண்டாகத் தர முடியாத பங்கு, அதன் பிறகுதான் சோலார். இந்த வரிசை உங்களுக்குச் சாதகமானது, மிஞ்சினால் போய்விடும் தொகை முன்னே நிற்கிறது. 9,400-ல் 25சி-யின் 3,200 கழித்தால் 6,200. 2025-ல் பிள்ளைக்கு 2,200 வீதம் இருவருக்கும் 4,400; அதில் பிள்ளைக்கு 1,700 வீதம் 3,400 வரி இல்லாவிட்டாலும் ரீஃபண்டாகக் கிடைக்கும் என்பதால், சோலாருக்கு முன்னால் கழிவது 1,000 மட்டுமே, மீதி 5,200. சோலாரின் 6,750-ல் இந்த 5,200-ஐ இந்த வருடம் எடுத்துக்கொள்வீர்கள், வரி பூஜ்யம். சம்பளத்தில் ஏற்கெனவே பிடித்த ஃபெடரல் வருமான வரி முழுவதும், அதோடு பிள்ளைகளின் 3,400-ம் கையில் வரும். சோலாரில் மீதி 1,550, 2026-க்குப் போகும். 2026-லும் வரி இதே அளவில் இருந்தால் 9,400-ல் பிள்ளைகளுக்கு 4,400 போக 5,000 மிஞ்சும். சோலார் மீதி அதில் தீர்ந்துவிடும்.

2026 ரிட்டர்ன் போடும்போதும் படிவம் 5695-ஐ இணைத்து, முந்தைய வருட மீதியை அதற்குரிய வரியில் எழுத வேண்டும். சோலார் போட்ட வருடத்தோடு இந்தப் படிவம் முடிந்தது என்று நினைத்து, மென்பொருள் மாற்றும்போது மீதியைத் தொலைப்பவர்கள் உண்டு. அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகும் தொகை இருக்கும் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.

லோன் காகிதத்தையும் திறந்து பாருங்கள். பல சோலார் கடன்களில், கிரெடிட் தொகையை 18 மாதத்துக்குள் அசலில் கட்டாவிட்டால் மாதத் தவணை ஏறிவிடும் என்ற நிபந்தனை இருக்கும். 9,900 என்று எழுதி வைத்திருப்பார்கள். உங்களுக்கு இந்த வருடம் சோலாரில் கிடைப்பதோ 5,200-தான். 2026-ன் பங்கு அடுத்த வருட ரீஃபண்ட் வரை காத்திருக்க வேண்டாம் என்றால், ஆபீஸில் சம்பளப் பிடித்தத்துக்கான டபிள்யூ-4 படிவத்தைப் புதுப்பித்து, மூன்றாம் படியில் பிள்ளைகளின் தொகையோடு 1,550-ஐயும் சேர்த்து எழுதுங்கள். மாதாமாதம் பிடித்தம் குறையும். அடுத்த வருடம் மறக்காமல் அந்த எண்ணை எடுத்துவிடுங்கள்.

நியூ ஜெர்சியில் நீங்கள் தயாரிக்கும் சோலார் மின்சாரத்துக்குத் தரப்படும் சான்றிதழ்களுக்காக வரும் பணம் கிரெடிட்டைக் குறைக்காது. ஆனால் அது வருமானமாகக் காட்ட வேண்டியது.

2023 போகவில்லை. திருத்த ரிட்டர்ன் போட மூன்று வருட அவகாசம் இருக்கிறது. 2024 ஏப்ரல் 15-க்குள் அந்த ரிட்டர்னைப் போட்டிருந்தால் 2027 ஏப்ரல் 15 வரை நேரம். படிவம் 1040-எக்ஸ், கூடவே 2023-க்கான 5695. இந்த வருடத்துப் படிவத்தை இணைத்துவிடாதீர்கள். கதவு 1,000-க்கு 300 வரும், வரம்பு 250. அது எனர்ஜி ஸ்டார் தரத்தில் இருந்ததற்குச் சான்று வேண்டும். க்யூ.எம்.ஐ.டி. அந்த வருடத்துக்குத் தேவையில்லை. ஆடிட் 400-க்கு 120. எந்த வேலை செய்தால் எவ்வளவு மிச்சம் என்று ஆடிட்டர் எழுதிக் கொடுத்த அறிக்கை கையில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் விட்டுவிடுங்கள். மொத்தம் 370. ஆன்லைனிலேயே அனுப்பலாம். வழக்கமாக 8 முதல் 12 வாரம், சில சமயம் 16 வாரம் ஆகும். மாநில ரிட்டர்னைத் திருத்த வேண்டியதில்லை.

கோவை வீட்டுக்கு இங்கே ஒரு சென்ட்டும் கிடையாது. வீடு அமெரிக்காவில் இருக்க வேண்டும், அதில் நீங்கள் வசிக்கவும் வேண்டும். அங்கே இருப்பது வரிச்சலுகை அல்ல, பிஎம் சூர்ய கர் திட்டத்தின் நேரடி மானியம்: 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். மின் இணைப்பு அப்பா பேரில் என்றால் அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவிலேயே தயாரான செல் உள்ள பேனலாக இருக்க வேண்டும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், நிறுவியவர் அந்தத் திட்டத்தின் தளத்தில் பதிவு செய்துதான் போட்டாரா என்று முதலில் கேளுங்கள்.

வீட்டை விற்கும் நாள் வரை வைத்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று. இந்த மேம்பாடுகளின் செலவை வீட்டின் வாங்கிய விலையோடு கூட்டும்போது, வாங்கிய கிரெடிட்டுகளைக் கழித்துவிட்டுக் கூட்ட வேண்டும். கிரெடிட் இல்லாத கூரையின் 9,000 அப்படியே முழுதாகச் சேரும். ஜன்னல்களும் அப்படித்தான்.

கார் சார்ஜர் போடும் எண்ணம் இருந்தால் 30சி என்ற இன்னொரு பிரிவு 2026 ஜூன் 30 வரை உயிரோடு இருக்கிறது. 30 சதவீதம், அதிகபட்சம் 1,000 டாலர், படிவம் 8911. ஆனால் வருமானம் குறைந்த அல்லது நகர்ப்புறம் அல்லாத பகுதி என்று வகைப்படுத்தப்பட்ட சென்சஸ் வட்டாரத்தில் உங்கள் முகவரி இருந்தால்தான். காண்ட்ராக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் முகவரியைப் பாருங்கள். இதற்கும் மாட்டி முடித்த தேதிதான் கணக்கு.